கடைக் கணினியில் லாக் கோப்பு ஊதிப்போனால்: எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருப்போருக்கு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணி. பினாங்கு ஜோர்ஜ்டவுனின் லெபோ பாசாரில் மசாலாச் சாமான்களை மொத்தமாக விற்கும் ஒரு கடையிலிருந்து அழைப்பு. வாசல்வரை ஆட்கள் நிற்கிறார்கள், ஆனால் பில் போட முடியவில்லை. கடைக் கணக்கைச் சேமித்துவைக்கும் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர், தன் மாற்றங்களையெல்லாம் குறித்துவைக்கும் லாக் கோப்பு நிரம்பிவிட்டது என்று 9002 ஆம் எண் பிழையைத் திரையில் காட்டி நிற்கிறது.

"தம்பி, டிஸ்க்கில் இன்னும் ஒன்பது ஜிபி காலியாக இருக்கிறதே, அப்புறம் என்ன நிரம்பியது?" என்று கேட்டார் முதலாளி. நியாயமான கேள்வி. விடையைப் பிறகு சொல்கிறேன்.

போய்ப் பார்த்தேன். கடையின் மொத்தக் கணக்கும் அடங்கிய தரவுக் கோப்பு 2.8 ஜிபி. அதற்குத் துணையாக இருக்கவேண்டிய லாக் கோப்பு 171 ஜிபி. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பார்களே, அது இங்கே எழுத்துக்கு எழுத்து பலித்திருந்தது. இத்தனைக்கும் ஒவ்வோர் இரவும் தவறாமல் முழு பேக்கப் எடுத்துவந்த கடை அது.

இந்த நிலைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் செய்வது ஒன்றுதான்: எல்டிஎஃப் என்று முடியும் அந்தப் பெரிய கோப்பை அழித்துவிடுவது. சர்வர் ஓடும்போது விண்டோஸ் அழிக்க விடாது. உடனே சர்வரை நிறுத்திவிட்டு அழிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். சர்வர் ஒழுங்காக மூடப்பட்டிருந்தால் புது லாக் உருவாக்கித் தப்பிக்க வழி உண்டு. லாக் நிரம்பித் திணறிக்கொண்டிருந்த தரவுத்தளம் ஒழுங்காக மூடியிருக்கும் என்று நம்பி அதில் இறங்குவது சூதாட்டம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டவேண்டும். எடுத்துக்காட்டுகளில் தரவுத்தளத்தின் பெயர் "கடை", லாக் கோப்பின் பெயர் "கடை_லாக்".

நாள்வழியும் பேரேடும்

லெபோ பினாங்கில் கிட்டங்கி வைத்து லேவாதேவி நடத்திய செட்டியார்களிடம் கணக்கு எழுதுவதில் ஓர் ஒழுங்கு இருந்தது. கொடுக்கல் வாங்கல் நடந்த உடனே அது நாள்வழிக் குறிப்பில் ஏறும். பிறகு, ஆற அமர, அவரவர் பேரேட்டுப் பக்கத்துக்குப் போகும். நடுவில் விளக்கு அணைந்தாலும் கணக்குப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் குறிப்பு இருக்கிறது, அதைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துவிடலாம்.

எஸ்க்யூஎல் சர்வர் செய்வதும் இதேதான். லாக் என்பது நாள்வழி, எம்டிஎஃப் என்று முடியும் தரவுக் கோப்பு பேரேடு. எந்த மாற்றமும் முதலில் லாக்கில் எழுதப்படும், தரவுக் கோப்புக்குப் பிறகுதான் போகும். மின்சாரம் போய்த் திரும்பும்போது சர்வர் லாக்கைப் படித்து, முடிந்தவற்றை முடித்து, அரைகுறையாக நின்றவற்றைத் திரும்பப் பெறுகிறது.

லாக் கோப்பு உள்ளே பல கட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். விஎல்எஃப் என்பது அவற்றின் பெயர். ஒரு கட்டு நிறைந்தால் அடுத்தது, கடைசிக்கு வந்தால் மறுபடி முதல் கட்டு என்று சக்கரம்போல் சுற்றவேண்டும். ஆனால் பழைய கட்டு "இனி வேண்டாம்" என்று விடுவிக்கப்பட்டிருந்தால்தான் அதன்மேல் எழுதலாம். விடுவிக்கப்படாவிட்டால் சர்வருக்குக் கோப்பின் வாலை நீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே கட்டுகளை விடுவிப்பது வேறு, கோப்பைச் சுருக்குவது வேறு. விடுவித்தால் உள்ளே இடம் காலியாகும், டிஸ்க்கில் கோப்பின் அளவு மாறாது. சுருக்கினால் அந்தக் காலி இடம் டிஸ்க்குக்குத் திரும்பும். விடுவிக்காமல் சுருக்கப் பார்ப்பதுதான் பலரும் மணிக்கணக்கில் மல்லுக்கட்டும் இடம்.

முதலில் கடை ஓடட்டும்

வாசலில் ஆட்கள் நிற்கும்போது வைத்தியம் பார்க்க முடியாது. முதலுதவிதான். இப்போது முதலாளியின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கோப்பு ஒவ்வொரு முறையும் 10 சதவீதம் வளரும்படி அமைக்கப்பட்டிருந்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2016 வருவதற்கு முன்புவரை லாக்கின் இயல்பான அமைப்பே அதுதான். எட்டு எம்பி கோப்புக்குப் பத்து சதவீதம் ஒன்றுமில்லை. 171 ஜிபிக்கு அது 17 ஜிபி. இருப்பதோ ஒன்பது. கேட்டது மொத்தமாகக் கிடைக்காததால் சர்வர் கையை விரித்துவிட்டது.

வளர்ச்சியை 512 எம்பி என்று மாற்றினேன்:

ஆல்டர் டேட்டாபேஸ் கடை மாடிஃபை ஃபைல் (நேம் = கடை_லாக், ஃபைல்குரோத் = 512எம்பி)

அடுத்த நிமிடம் பில் வந்தது. ஒன்பது ஜிபி அன்று இரவுவரை தாங்கும். உங்கள் டிஸ்க்கில் அதுவும் இல்லையென்றால் பதிவிறக்கக் கோப்புறையையும் குப்பைத்தொட்டியையும் காலிசெய்யுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் வேறொரு டிஸ்க்கில் இரண்டாவது லாக் கோப்பு ஒன்றைத் தற்காலிகமாகச் சேர்க்கலாம். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடவேண்டும்.

இன்னொன்றும் அப்போது விளங்கியது. சில மாதங்களாக "நடுநடுவே பில் ஒரு நிமிடம் உறைந்து நின்று பிறகு போகிறது" என்று கல்லாவில் இருந்த பெண் சொல்லிக்கொண்டிருந்தார். லாக் கோப்பு வளரும்போது புதிய இடம் முழுவதையும் சர்வர் பூஜ்யத்தால் நிரப்பியாகவேண்டும். பதினைந்து ஜிபி பூஜ்யம் எழுதி முடியும்வரை கல்லா காத்திருந்திருக்கிறது.

நோயைக் கண்டுபிடிப்பது

இரவு பத்து மணிக்கு, கடை மூடிய பிறகு, நிதானமாக உட்கார்ந்தேன். சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவைத் திறந்து முதலில் தட்டியது இது:

டிபிசிசி எஸ்க்யூஎல்பெர்ஃப் (லாக்ஸ்பேஸ்)

ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் லாக்கின் அளவு எத்தனை எம்பி, அதில் எத்தனை சதவீதம் பயன்பாட்டில் இருக்கிறது என்று இரண்டு எண்கள் வரும். அளவு பெரிது, சதவீதம் சிறிது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எப்போதோ வீங்கிய பாத்திரம் இப்போது காலியாகக் கிடக்கிறது, நேரே சுருக்கும் படிக்குப் போகலாம். கடையில் வந்தது 99.6 சதவீதம். யாரோ கட்டுகளை விடாமல் பிடித்துவைத்திருக்கிறார்கள். யார் என்று சர்வரையே கேட்கலாம்:

செலக்ட் நேம், ரெக்கவரி_மாடல்_டெஸ்க், லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க் ஃப்ரம் சிஸ்.டேட்டாபேசஸ்

இந்த ஒரே வரியைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்வேன். மூன்றாவது நெடுவரிசையில் வரும் சொல்தான் நோயின் பெயர்.

"லாக்_பேக்கப்" என்று வந்தால், தரவுத்தளம் "ஃபுல்" என்ற மீட்புமுறையில் இருக்கிறது, ஆனால் லாக்குக்கென்று யாரும் தனியாக பேக்கப் எடுக்கவில்லை என்று பொருள். நான் பார்த்த சிறு கடைகளில் பெரும்பாலும் இதுதான். முழு பேக்கப் எடுத்தால் லாக் காலியாகும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆகாது. முழு பேக்கப் எத்தனை எடுத்தாலும் லாக்கின் ஒரு கட்டுகூட விடுபடாது. ஃபுல் முறையில் லாக் பேக்கப் மட்டுமே அதை விடுவிக்கும். ஒவ்வோர் இரவும் தவறாமல் பேக்கப் எடுத்த இந்தக் கடை 171 ஜிபிக்கு வந்து சேர்ந்ததன் ரகசியம் இவ்வளவுதான். பில்லை வருமான வரி வாரியத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கும் இ-இன்வாய்ஸ் முறை வந்த பிறகு ஒவ்வொரு பில்லின் நிலையையும் கணக்கு மென்பொருள் நாலைந்து முறை திருத்தி எழுதுகிறது. ஊர்ந்துகொண்டிருந்த லாக் ஓடத் தொடங்கியது அப்போதுதான்.

"ஆக்டிவ்_டிரான்சாக்ஷன்" என்று வந்தால் கதை வேறு. தொடங்கிய வேலை ஒன்று முடியாமல் நிற்கிறது. பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிடங்கில் கிளார்க் மாதக் கணக்கு முடிப்பை அழுத்தியிருக்கிறார். "தொடரவா?" என்று பெட்டி வந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் திரையை மட்டும் அணைத்துவிட்டு நீண்ட வார விடுமுறைக்குப் போய்விட்டார். மூன்று நாளும் அந்தப் பரிவர்த்தனை திறந்தே கிடந்தது. இப்படிப்பட்டதை டிபிசிசி ஓப்பன்டிரான் என்ற கட்டளை, தொடங்கிய நேரத்தோடும் இணைப்பு எண்ணோடும் காட்டிக்கொடுக்கும். முதலில் அந்த ஆளைக் கூப்பிட்டு முடிக்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால்தான் கில் என்ற கட்டளை. அது செய்ததையெல்லாம் திரும்பப் பெறும், அதற்கு நேரம் பிடிக்கும். பொறுமையிழந்து சர்வரை மறுதொடக்கம் செய்தால் ஒன்றும் மிச்சமாகாது. எழுந்ததும் அது அதே வேலையை முதலில் முடிக்கும்.

"ரெப்ளிகேஷன்", "அவைலபிலிட்டி_ரெப்ளிகா" போன்றவை வந்தால் உங்களுக்குத் தனியாக ஒரு தரவுத்தள நிர்வாகி இருப்பார், அவரிடம் விடுங்கள். "நத்திங்" என்றால் தடை எதுவும் இல்லை.

முதலாளியிடம் கேட்கவேண்டிய கேள்வி

இப்போது எளிய வழி ஒன்று கண்ணில் படும். "ஃபுல்" முறையை "சிம்பிள்" முறைக்கு மாற்றிவிட்டால் சர்வர் தானே கட்டுகளை விடுவித்துக்கொள்ளும், லாக் பேக்கப் என்ற தொல்லையே இல்லை. ஆனால் சிம்பிள் முறையில் கடைசியாக எடுத்த பேக்கப்புக்குத்தான் திரும்ப முடியும். நடுவில் நடந்தது போனது போனதுதான். ஃபுல் முறையில் லாக் பேக்கப்புகளை வரிசையாகக் கோத்து, குறிப்பிட்ட நிமிடம்வரைகூட மீட்கலாம்.

எது வேண்டும் என்று கணினிக்காரர் முடிவெடுக்கக் கூடாது. நான் கேட்டேன்: "அண்ணே, நாளை மாலை ஐந்து மணிக்கு இந்த டிஸ்க் செத்துப்போனால் எத்தனை மணி நேரத்து பில்களை மறுபடி தட்டத் தயாராக இருப்பீர்கள்?"

அவர் உடனே, "ஒரு நாள் பில்தானே, பிள்ளைகளை உட்காரவைத்துத் தட்டிவிடலாம்" என்றார். பிறகு அவரே நிறுத்தினார். "ஆனால் வருமான வரி வாரியத்துக்குப் போய்ச் சரிபார்த்து எண் வாங்கிவந்த பில்லை எப்படி மறுபடி தட்டுவது? அங்கே ஒரு பில்லும் இங்கே ஒரு பில்லுமாக ஆகிவிடுமே." அத்துடன் முடிவாகிவிட்டது. இந்தக் கடைக்கு ஃபுல் முறை, அரைமணிக்கு ஒருமுறை லாக் பேக்கப். நாலு மேசையுள்ள ஓர் உணவுக்கடை இதே கேள்வியைக் கேட்டிருந்தால் சிம்பிள் முறைதான் சரி என்று சொல்லியிருப்பேன். யாரும் கவனிக்காத ஃபுல் முறையைவிட அது எவ்வளவோ மேல்.

கட்டுகளை விடுவித்தல்

முறையான வழி லாக் பேக்கப்:

பேக்கப் லாக் கடை டு டிஸ்க் = 'ஈ:\லாக்பேக்கப்\கடை_01.டிஆர்என்'

முதல் முறை எடுக்கும்போது லாக்கில் இருப்பது அத்தனையும் பேக்கப்புக்குப் போகும். 171 ஜிபி லாக்குக்குக் கிட்டத்தட்ட அதே அளவு இடம் வேண்டும். இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் பேக்கப்பைச் சுருக்கி எழுதும் வசதியும் கிடையாது. "அனுமதி இல்லை" என்று பிழை வந்தால் திகைக்காதீர்கள். அந்தக் கோப்பை எழுதுவது உங்கள் விண்டோஸ் கணக்கு அல்ல, எஸ்க்யூஎல் சர்வர் சேவையின் கணக்கு. அதற்குத்தான் அந்தக் கோப்புறையில் எழுத அனுமதி கொடுக்கவேண்டும்.

கடையின் வெளி டிஸ்க்கில் 40 ஜிபிதான் இருந்தது. இத்தனை நாள் லாக் பேக்கப்பே எடுக்காத இடத்தில், நேற்றைக்கு முந்திய லாக்கைக் காப்பாற்றி எந்தப் பயனும் இல்லை. ஆகவே தற்காலிகமாக சிம்பிள் முறைக்கு மாறிவிட்டுப் பிறகு ஃபுல்லுக்குத் திரும்பும் குறுக்குவழியில் போனேன். குறுக்குவழிதான், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் ஒரு முழு பேக்கப், அதை ரெஸ்டோர் வெரிஃபைஒன்லி கொண்டு சரிபார்த்தேன். அது கையில் இல்லாமல் அடுத்த வரியைத் தட்டாதீர்கள்.

ஆல்டர் டேட்டாபேஸ் கடை செட் ரெக்கவரி சிம்பிள்
செக்பாயின்ட்

நினைவகத்தில் நிற்கும் மாற்றங்களைத் தரவுக் கோப்பில் எழுதச் சொல்வதுதான் செக்பாயின்ட். மறுபடி லாக்ஸ்பேஸ் பார்த்தபோது 99.6 என்றிருந்தது 0.3 ஆகியிருந்தது.

பழைய குறிப்புகளில் "டிரங்கேட்_ஒன்லி" சேர்த்து பேக்கப் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். அது எஸ்க்யூஎல் சர்வர் 2008 இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

சுருக்குதல்

இத்தனை தூரம் வந்த பிறகு சுருக்குவது ஒரே வரி:

டிபிசிசி ஷ்ரிங்க்ஃபைல் (கடை_லாக், 1)

அடைப்புக்குறிக்குள் வரும் பெயர் டிஸ்க்கில் தெரியும் கோப்புப் பெயர் அல்ல, சர்வருக்குள் வழங்கும் பெயர். சிஸ்.டேட்டாபேஸ்_ஃபைல்ஸ் என்ற பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண், எத்தனை எம்பிக்குக் குறைக்கவேண்டும் என்பது.

தட்டினேன். 171 ஜிபி அப்படியே 171 ஆக நின்றது. பக்கத்தில் நின்ற முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, தேநீர்க் குவளையை மட்டும் மேசையில் வைத்தார். கோப்பின் கடைசியில் இருக்கும் கட்டு பயன்பாட்டில் இருப்பதால் சுருக்க முடியாது என்று செய்தி வந்திருந்தது. இது பிழையல்ல. லாக் வாலிலிருந்துதான் வெட்டுப்படும். இந்தக் கோப்பு வளர்ந்துகொண்டே வந்ததால் எழுதும் முனை வாலில்தான் நின்றது. வாலில் ஒரு கட்டு உயிரோடு இருந்தால் அதற்கு முன்னால் நூறு கட்டு காலியாகக் கிடந்தாலும் வெட்ட முடியாது. எழுதும் முனை சுற்றி முதல் கட்டுக்கு வரவேண்டும். இன்னொரு செக்பாயின்ட் தட்டி மறுபடி சுருக்கினேன், சரசரவென்று இறங்கிவிட்டது. ஃபுல் முறையில் இருப்பவர்கள் செக்பாயின்டுக்குப் பதிலாக இன்னொரு லாக் பேக்கப் எடுத்துவிட்டுச் சுருக்கவேண்டும். இரண்டு மூன்று முறை ஆகலாம்.

ஷ்ரிங்க்டேட்டாபேஸ் என்ற கட்டளையின் பக்கம் போகாதீர்கள். அது தரவுக் கோப்பையும் சேர்த்துப் பிழியும், தேடலுக்கு உதவும் இண்டெக்ஸ்களின் வரிசை கலைந்து தேடல் மந்தமாகும். நமக்கு அதனிடம் ஒரு வழக்கும் இல்லை.

திரும்பவும் அளவாக வளர்த்தல்

ஒரு எம்பிக்குக் குறைக்கச் சொல்லிவிட்டு இப்போது வளர்க்கச் சொல்கிறேனே என்று தோன்றும். காரணம் உண்டு. பத்துப் பத்து சதவீதமாக வளர்ந்த கோப்பில் கட்டுகள் தாறுமாறான அளவில் இருக்கும். அடிவரை குறைத்துவிட்டு, வேண்டிய அளவுக்கு ஒரே தாவலில் வளர்த்தால் கட்டுகள் சீராக அமையும். ஒரே முறையில் 2 ஜிபி வளர்த்தால் 16 புதுக் கட்டுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் 128 எம்பி.

ஆல்டர் டேட்டாபேஸ் கடை மாடிஃபை ஃபைல் (நேம் = கடை_லாக், சைஸ் = 2048எம்பி, ஃபைல்குரோத் = 256எம்பி)

2 ஜிபி என்பது வேதவாக்கு இல்லை. பரபரப்பான வாரம் ஒன்றில் லாக் அதிகபட்சம் எவ்வளவு நிறைகிறது என்று பாருங்கள். உங்களிடம் உள்ள மிகப் பெரிய அட்டவணையின் இண்டெக்ஸைப் புதுப்பித்தால் அந்த அளவு லாக்கும் தேவைப்படும். இரண்டில் பெரியதோடு கொஞ்சம் கூட்டி வையுங்கள். வளர்ச்சி சதவீதத்தில் வேண்டவே வேண்டாம், எம்பியில் கொடுங்கள்.

சிம்பிளில் இருக்கப்போகிறவர்களுக்கு லாக் வேலை இத்துடன் முடிந்தது. ஃபுல் முறைக்குத் திரும்புகிறவர்கள் மீட்புமுறையை மாற்றிய கையோடு ஒரு முழு பேக்கப் எடுக்கவேண்டும். அது எடுக்கும்வரை பெயருக்குத்தான் ஃபுல். லாக் பேக்கப் கேட்டால் 4214 என்ற பிழைதான் வரும்.

மறுபடி ஊதாமல் இருக்க

எக்ஸ்பிரஸ் பதிப்பில் வேலைகளை நேரப்படி ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. அதனால்தான் சிறு கடைகளில் லாக் பேக்கப் விட்டுப்போகிறது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் போதும். சர்வருக்குக் கட்டளை அனுப்பும் எஸ்க்யூஎல்சிஎம்டி என்ற கருவி வழியாக லாக் பேக்கப் எடுக்கும் ஒரு சிறு பேட்ச் கோப்பை அரைமணிக்கு ஒருமுறை ஓடவைத்தேன். கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் சேரும்படி எழுதுங்கள், மீட்கும்போது வரிசை தெரியவேண்டும். பயனர் வெளியேறியிருந்தாலும் ஓடவேண்டும் என்ற குறியை இடவும் மறக்காதீர்கள். நானே ஒருமுறை மறந்திருக்கிறேன்.

அந்த பேக்கப்புகளும் சேர்ந்து டிஸ்க்கை நிரப்பும். முதலாளி, "கணக்கை ஏழு வருடம் வைத்திருக்கவேண்டுமே, அழிக்கலாமா?" என்றார். சட்டம் கேட்பது கணக்கை, அது தரவுக் கோப்பிலும் அதன் முழு பேக்கப்புகளிலும் இருக்கிறது. பதினைந்து நாளுக்கு முந்திய லாக் பேக்கப்புகளை அழிக்கும்படி வைத்தேன்.

வாரம் ஒருமுறை லாக்கைச் சுருக்கும் வேலை ஒன்றையும் சேர்த்து அமைப்பவர்கள் இருக்கிறார்கள், தானாகச் சுருக்கும் ஆட்டோஷ்ரிங்க்கை இயக்கிவிடுபவர்களும் உண்டு. சுருக்கினால் திங்கட்கிழமை மறுபடி வளரும், வளரும்போதெல்லாம் பூஜ்யம் எழுதும், கல்லா உறையும். 2 ஜிபி கோப்பு பாதி காலியாக இருப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

கடைசியாக ஒன்று, இதை அந்தக் கடையில்தான் முதன்முறை பட்டு அறிந்தேன். அன்று இரவு எடுத்த பழைய முழு பேக்கப் மூன்று ஜிபிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதை என் மடிக்கணினியில் மீட்டுப் பார்க்க முயன்றேன். இடம் போதாது என்றது. பேக்கப் சிறியதாக இருந்தாலும், மீட்கும்போது சர்வர் லாக் கோப்பை அதன் பழைய அளவிலேயே உருவாக்கும். 171 ஜிபி வேண்டும் என்று நின்றது. ஒவ்வோர் இரவும் பத்திரமாக எடுத்துவைத்த பேக்கப் எதையும், டிஸ்க் செத்த நாளில், கடையில் இருந்த வேறெந்தக் கணினியிலும் திறந்திருக்க முடியாது. சுருக்கிய பிறகு எடுத்த பேக்கப் அதே மடிக்கணினியில் நாலு நிமிடத்தில் திறந்தது. அதில் சனிக்கிழமை கடைசி பில்லைத் தேடி எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன்: மல்லி பத்துக் கிலோ, வர மிளகாய் ஐந்து கிலோ, இரவு ஒன்பது நாற்பது.